ஆறாவது ஆளைப் பாருங்கள்

ஆகஸ்ட் பிறந்துவிட்டால் நம் கான்சாஸ் சிட்டியில் இரண்டு சங்கதி நிச்சயம். ஒன்று, காலை பத்து மணிக்கே மண்டையைப் பிளக்கும் வெயில். இன்னொன்று, "ப்ரீசீசன் ஆட்டமா? அதில் என்ன சார் இருக்கிறது?" என்ற பேச்சு. காலையில் மாலுக்குள் நடக்க வரும் நம் வயதுக்காரர்கள் முதல் என் மாப்பிள்ளை வரை எல்லோருக்கும் இதே பாட்டுதான்.

போன வாரம் நான் டிவி முன் உட்கார்ந்து சீஃப்ஸ் அணியின் பயிற்சி ஆட்டத்தை மூன்றாம் கால்பகுதியிலும் பார்த்துக்கொண்டிருந்தேன். மாப்பிள்ளை வந்து எட்டிப் பார்த்தார். "மாமா, மஹோம்ஸ் எப்பவோ உள்ளே போய்ட்டார். இன்னும் எதுக்குப் பார்க்கறீங்க?" என்றார்.

"மாப்பிள்ளை, அவர் போன பிறகுதான் நான் பார்க்கவே ஆரம்பிச்சேன்" என்றேன். அவர் சிரித்துவிட்டுப் போனார். சிரிக்கட்டும். அவருக்குச் சொல்ல நினைத்ததை இங்கே எழுதுகிறேன்.

இந்த ஆட்டம் தெரியாதவர்களுக்கு ஒரு வரி. பந்தை எறிகிறவர் குவார்ட்டர்பேக். அவருக்கு முன்னால் ஐந்து பேர் மதில் மாதிரி நிற்பார்கள். நடுவில் சென்டர், அவருக்கு இரு பக்கமும் கார்ட், இரண்டு ஓரத்திலும் டேக்கிள். இவர்கள் பந்தைத் தொடுவதே அபூர்வம். சென்டர் மட்டும் ஒவ்வொரு முறையும் பந்தைக் கால் நடுவே பின்னால் கொடுப்பார். டிவிக்காரர்கள் இவர்கள் பெயரைச் சொல்வது பெரும்பாலும் தப்பு செய்தால்தான்.

என் வாதம் இதுதான். ஒரு அணியின் பலம் இந்த ஐந்து பேரில் இல்லை. ஆறாவது, ஏழாவது, எட்டாவது ஆளில் இருக்கிறது. அவர்களை நாம் பார்க்கக்கூடிய ஒரே மாதம் ஆகஸ்ட். அந்த மாதத்தை வீண் என்று சொல்கிறவர்கள், பிப்ரவரியில் அணி தோற்றதும் டிவியைத் திட்ட உரிமை இல்லாதவர்கள்.

சும்மா சொல்லவில்லை, கணக்கைப் பாருங்கள். 2021 பிப்ரவரி 7, டாம்பா. சூப்பர் பவுலில் சீஃப்ஸ் 31-9 என்று தோற்றது. அன்று மஹோம்ஸை எதிரணி நெருக்கித் துரத்தியது 29 முறை. சூப்பர் பவுல் வரலாற்றில் அவ்வளவு யாரையும் துரத்தியதில்லை. மனிதர் தரைக்கு இணையாகப் பறந்துகொண்டே பந்தை எறிந்தார். மறந்திருக்க மாட்டீர்கள்.

ஏன் அப்படி ஆனது? இடது டேக்கிள் எரிக் ஃபிஷருக்கு இரண்டு வாரம் முன்னால் குதிகால் நரம்பு அறுந்தது. வலது டேக்கிள் மிட்செல் ஷ்வார்ட்ஸ் அக்டோபரிலிருந்தே முதுகுவலியால் வெளியே. இடது கார்டுக்கு முழங்கால் போயிற்று. போன வருஷம் வரை வலது கார்டாக நின்ற டுவெர்னே-டார்டிஃப் ஒரு டாக்டர். கோவிட் நோயாளிகளுக்கு உதவப் போய்விட்டார். அந்தப் பருவத்தின் முதல் ஆட்டத்தில் நின்ற ஐந்து பேரில், இறுதி ஆட்டத்தன்று தன் பழைய இடத்திலேயே நின்றவர் சென்டர் ஒருவர்தான்.

இன்னொன்றும் கவனியுங்கள். அந்த 2020-ல் கோவிட் காரணமாக ப்ரீசீசன் ஆட்டங்களே நடக்கவில்லை. நடந்திருந்தால் கோப்பை வந்திருக்கும் என்று நான் சத்தியம் செய்யமாட்டேன். ஆனால் மாற்று ஆட்களைச் சோதித்துப் பார்க்க வாய்ப்பே இல்லாத வருஷத்தில், மாற்று ஆட்களை நம்பியே இறுதி ஆட்டம் ஆடவேண்டி வந்தது என்பது கண்ணெதிரே இருக்கிற உண்மை.

அணிக்காரர்களுக்கு அது உறைத்தது. அடுத்த மாதமே இரண்டு டேக்கிள்களையும் விடுவித்தார்கள். ஆர்லாண்டோ பிரவுன், ஜோ தூனி என்று பெரிய ஆட்களைக் கொண்டுவந்தார்கள். இரண்டாம் சுற்றில் க்ரீட் ஹம்ஃப்ரியையும், ஆறாம் சுற்றில், அதாவது கிட்டத்தட்ட கடைசிப் பந்தியில், ட்ரே ஸ்மித்தையும் எடுத்தார்கள். அந்த ஆகஸ்ட்டில் ட்ரே ஸ்மித்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், இந்தப் பையனை வெளியே உட்கார வைக்க முடியாது என்று. முதல் ஆட்டத்திலிருந்தே ஆடினார். 2023 பிப்ரவரியில் ஈகிள்ஸ் அணியை 38-35 என்று வென்றபோது மஹோம்ஸை ஒரு முறைகூடப் பந்தோடு தரையில் சாய்க்க விடவில்லை. அந்தப் பருவத்தில் 70 முறை எதிரிகளைச் சாய்த்த அணி அது!

சரி, ஆகஸ்ட்டில் எப்படிப் பார்ப்பது? இங்கேதான் எல்லோரும் கோட்டை விடுகிறார்கள்.

ஸ்கோரைப் பார்க்காதீர்கள். மூன்றாம் கால்பகுதியில் நம் இரண்டாம் வரிசை எதிரணியின் மூன்றாம் வரிசையோடு மோதிக்கொண்டிருக்கும். அந்த எதிராளிகளில் பாதிப் பேர் செப்டம்பரில் வேறு வேலை தேடுவார்கள். அவர்களை நெட்டித் தள்ளியதற்கு வீரசக்கரம் கொடுக்க முடியாது. எதிரணியும் தன் தந்திரங்களை எல்லாம் பெட்டியில் பூட்டி வைத்துவிட்டுத்தான் ஆகஸ்ட்டில் ஆடும்.

எதிராளி யாரானாலும் மாறாத விஷயங்களைப் பாருங்கள். பந்து நகரும் முன் அசைந்தால் 5 கெஜம் தண்டம், எதிராளியைப் பிடித்து இழுத்தால் 10 கெஜம். இது பழக்கம் சம்பந்தப்பட்டது. ஆகஸ்ட்டில் உள்ளவனுக்கு டிசம்பரிலும் இருக்கும். அடுத்து, எதிரணியில் இரண்டு பேர் குறுக்கும் நெடுக்குமாக இடம் மாறி ஓடிவரும்போது, பக்கத்துக்காரரிடம் ஒருவனை ஒப்படைத்துவிட்டு அடுத்தவனை வாங்கிக்கொள்கிறாரா என்று பாருங்கள். எங்கள் ரயில்வேயில் லைன் கிளியர் கொடுத்து வாங்குவது போலத்தான். ஒரு வண்டியும் யார் பொறுப்பிலும் இல்லாமல் நடுவில் நிற்கக் கூடாது.

மூன்றாவது, எத்தனை இடத்தில் ஆடுகிறார்? 90 பேரை வைத்துப் பயிற்சி செய்யும் அணி, ஆகஸ்ட் கடைசியில் 53 ஆகக் குறைக்க வேண்டும். ஆட்ட நாளில் 48 பேர் இறங்கலாம். அதற்கும் அதில் 8 பேராவது லைன்காரர்களாக இருக்கவேண்டும், இல்லாவிட்டால் 47தான். எட்டில் ஐந்து பேர் களத்தில். மிச்சம் மூன்று பேர் ஐந்து இடத்துக்குக் காவல்! இடது கார்ட் மட்டும்தான் தெரியும் என்கிறவரை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

நான் வேலையில் சேர்ந்த புதிதில் பல வருஷம் ரெஸ்ட் கிவர் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தவன். ஒவ்வொரு ஸ்டேஷனிலும் மாஸ்டருக்கு வார ஓய்வு வரும் நாளில் நான் போய் உட்காரவேண்டும். திங்கள் ஒரு ஊர், செவ்வாய் வேறு ஊர். சிக்னல், பாயிண்ட், லூப் லைன் எல்லாம் ஊருக்கு ஊர் வேறு. அந்தந்த ஸ்டேஷனின் ஒர்க்கிங் ரூல்ஸைப் படித்து, புரிந்தது என்று ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டால்தான் சார்ஜ் எடுக்க முடியும். நிரந்தர மாஸ்டருக்கு ஒரு ஸ்டேஷன் தெரிந்தால் போதும். எனக்கு ஆறு தெரியவேண்டும். ராத்திரி எக்ஸ்பிரஸில் தூங்கிக்கொண்டு போகிறவருக்கு, இன்றைக்கு உட்கார்ந்திருப்பது ரெஸ்ட் கிவர் என்று தெரியாது. தெரியாமல் போனதுதான் என் சம்பளத்துக்கு அர்த்தம். அதனால்தான் "மாற்று ஆள்தானே" என்று யாராவது உதட்டைப் பிதுக்கினால் எனக்குப் பொத்துக்கொண்டு வருகிறது.

இனி அணிக்காரர்களிடம் ஒரு சண்டை. பயிற்சி ஆட்டத்தில் முதல் ஐவரை மொத்தமாக வெளியே எடுத்து, மாற்று ஐவரை மொத்தமாக இறக்குகிறீர்கள். நிஜப் பருவத்தில் அப்படியா நடக்கிறது? ஒருவருக்கு அடிபடும், ஒரே ஒரு மாற்று ஆள் நான்கு பழைய ஆட்களுக்கு நடுவே போய் நிற்பார். அதை அல்லவா ஒத்திகை பார்க்கவேண்டும்? ஐந்து மாற்று ஆட்கள் சேர்ந்து நிற்கும்போது ஒருவர் சொதப்பினால் பக்கத்துக்காரரும் மோசமாகத் தெரிவார். நல்லவனையும் அடையாளம் தெரியாமல் அனுப்பிவிடுவீர்கள்.

"பெரிய ஆட்களுக்கு அடிபட்டால்?" என்பார்கள். நியாயமான பயம்தான். மஹோம்ஸை உட்கார வையுங்கள், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. லைன்காரர்களில் இரண்டு பேரை மட்டும் மாற்றி, மூன்று பேரோடு பத்துப் பதினைந்து முறை ஆடவிட்டால் ஆபத்து எவ்வளவு? அந்தப் பாடம் ஆகஸ்ட்டில் கிடைக்காவிட்டால் ஜனவரியில் கிடைக்கும், வட்டியோடு.

வட்டியும் கட்டினோம். 2024-ல் ஆகஸ்ட்டில் இடது டேக்கிள் இடத்தைப் பிடித்த சுவமடையா என்ற புதுப் பையனை இரண்டாவது ஆட்டத்திலேயே வெளியே எடுத்தார்கள். அடுத்து வந்தவரும் நிலைக்கவில்லை. கடைசியில் நல்ல கார்டான ஜோ தூனியைத் தூக்கி டேக்கிளில் போட்டார்கள். ஓட்டுக்கூரையில் ஒரு ஓடு உடைந்தால் பக்கத்து ஓட்டை எடுத்து அங்கே வைப்பது போல. இப்போது ஒழுகுவது இரண்டு இடம்! 2025 பிப்ரவரியில் ஈகிள்ஸ் கூடுதலாக ஒரு ஆளைக்கூட அனுப்பாமலே மஹோம்ஸை 6 முறை சாய்த்தது. ஸ்கோர் 40-22.

"பார்த்தீங்களா மாமா, ஆகஸ்ட்டை நம்பித்தானே அந்தப் பையனைப் போட்டாங்க?" என்று மாப்பிள்ளை மடக்கினார். நல்ல கேள்வி. ஆகஸ்ட் பொய் சொல்லவில்லை மாப்பிள்ளை, எந்த நாற்காலிக்கு எந்த ஆள் என்று கேட்க மறந்தோம். அதே பையனை அடுத்த பருவத்தில் கார்டாக நிறுத்தினார்கள் அல்லவா? பரீட்சையில் கேள்வி தப்பு என்றால் பரீட்சையே வேண்டாம் என்பதா பதில்?

கடைசியாக நிக் அலெக்ரெட்டியை நினைவுபடுத்துகிறேன். ஏழாம் சுற்றில், மிச்சம் மீதியில் எடுத்த ஆள். 2024 பிப்ரவரி சூப்பர் பவுலில் தூனிக்கு அடிபட்டதால் இவர் இறங்கினார். இரண்டாம் கால்பகுதியில் முழங்கை நரம்பு கிழிந்தது. வெளியே போகவில்லை. கூடுதல் நேரம் வரை நின்று ஆடி முடித்தார். 25-22, கோப்பை நமக்கு. ஊர்வலத்தில் எத்தனை பேர் அவர் பெயர் போட்ட சட்டை அணிந்திருந்தார்கள்? நான் ஒன்றுகூடப் பார்க்கவில்லை.

அடுத்த பயிற்சி ஆட்டம் நடக்கும்போது மஹோம்ஸ் உள்ளே போனதும் டிவியை அணைக்காதீர்கள். காபியைக் கலந்து கொண்டுவந்து உட்காருங்கள். பந்தைப் பார்க்காமல் அந்த ஐந்து முதுகுகளை மட்டும் பத்து நிமிஷம் பாருங்கள். அதில் பலருக்கு இந்த மாதக் கடைசியில் வேலை இருக்காது. வேலை நிலைக்கிறவரில் ஒருவர்தான் பிப்ரவரியில் நம்மைக் காப்பாற்றப் போகிறார். அவர் யார் என்று இப்போதே ஒரு தாளில் எழுதி வையுங்கள். நான் ஒரு பெயர் எழுதி, பூஜை அலமாரியில் சொருகி வைத்திருக்கிறேன். மாப்பிள்ளைக்கு இன்னும் காட்டவில்லை.