மருத்துவர் போனபின் ஊரில் என்ன மிஞ்சுகிறது?

தமிழகத்துக்கு வெளியே வாழும் நம் குடும்பங்களில் 'வேலூர்' என்ற பெயருக்குத் தனி மதிப்பு உண்டு. இங்குள்ள மருத்துவர்கள் கைவிரித்த பிறகு நம்பிப் போகும் இடம் அது. காட்பாடிக்கு எந்த ரயில், தங்க இடம் எங்கே என்று வங்காளி நண்பர்கள்கூட நம்மிடம் விசாரிப்பார்கள். தமிழர் என்ற முறையில் அதில் நமக்குச் சற்றுப் பெருமையும் உண்டு.

ஆனால் நோயாளி வரட்டும் என்று காத்திராமல் நோய் இருக்கும் ஊருக்கே போன வேலூர் ஒன்றும் உண்டு. அதைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை. 1900-ல் ஒரே ஒரு படுக்கையுடன் சிகிச்சை தொடங்கிய ஐடா ஸ்கட்டர் அம்மையார், சில ஆண்டுகளிலேயே சாலையோர மரத்தடிகளில் மருந்து கொடுக்கக் கிளம்பினார். 1918-ல் அவர் பெண்களுக்காகத் தொடங்கிய மருத்துவப் பள்ளிதான் பிறகு கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியாக வளர்ந்தது. அங்கே படித்து, பெருநகர வேலையை நாடாமல் நாட்டின் மூலை முடுக்குகளில் உள்ள மிஷன் மருத்துவமனைகளுக்குப் போனவர்கள் பலர். அவர்களில் ஒரு தம்பதியர் ரஜனிகாந்த் ஆரோலே, மேபல் ஆரோலே.

இவர்கள் 1960-களில் மகாராஷ்டிரத்தின் வடாலா என்ற ஊரில் ஒரு மிஷன் மருத்துவமனையில் பணியாற்றினார்கள். நோயாளிகள் குணமாகிப் போவார்கள். சில மாதங்களில் அதே நோயுடன் திரும்பி வருவார்கள். வயிற்றுப்போக்கு, சத்துக்குறைவு, பிரசவத்தில் சிக்கல் எல்லாம் ஊரிலேயே தடுக்கக்கூடியவை. மருத்துவமனைச் சுவருக்குள் உட்கார்ந்துகொண்டு இவற்றை ஒழிக்க முடியாது என்பது அவர்களுக்குப் புரிந்தது. அமெரிக்காவில் பொதுச் சுகாதாரம் படித்துத் திரும்பி, 1970-ல் அகமத்நகர் மாவட்டத்தில் (இப்போது அகில்யாநகர்) வறட்சி மிகுந்த ஜாம்கேட் வட்டாரத்தில் பணியைத் தொடங்கினார்கள்.

முதலில் பயிற்சி பெற்ற செவிலியரைக் கிராமங்களில் தங்கவைக்கப் பார்த்தார்கள். அது சரிப்பட்டு வரவில்லை. வெளியூரிலிருந்து வரும் படித்த இளம்பெண் ஊரில் தனியே தங்குவது கடினம். அவர் சொல்வதை ஊர்ப் பெண்களும் எளிதில் ஏற்பதில்லை. அப்போது பிறந்ததுதான் அந்த ஊரிலேயே ஒரு பெண்ணைத் தேர்ந்தெடுக்கும் யோசனை. தேர்ந்தெடுத்தது திருச்சபை அல்ல, ஊர். வந்தவர்களில் பலருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. தலித் பெண்களும் கைவிடப்பட்ட பெண்களும் அவர்களில் உண்டு. வாரம்தோறும் ஜாம்கேட் வந்து, பல சாதிப் பெண்களும் ஒன்றாக உண்டு, தங்கிப் பயின்றார்கள். குழந்தையை எடை போடுவது, உப்பு-சர்க்கரைக் கரைசல் தயாரிப்பது, பாதுகாப்பாகப் பிரசவம் பார்ப்பது, தொழுநோயைத் தொடக்கத்திலேயே கண்டுகொள்வது ஆகியவை பாடங்கள்.

'படிக்காத பெண் கையில் மருந்தா?' என்று கேட்டவர்கள் இருந்தார்கள். கணக்கு அதற்குப் பதில் சொன்னது. 1971-ல் அந்தக் கிராமங்களில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 176 பேர் ஒரு வயதுக்குள் இறந்தார்கள். 1976-ல் அந்த எண்ணிக்கை 52. உலக சுகாதார நிறுவனம் 1975-லேயே இந்தத் திட்டத்தை முன்மாதிரிகளில் ஒன்றாகத் தன் நூலில் சேர்த்தது. ஆரோலே தம்பதியருக்கு 1979-ல் மக்சேசே விருது கிடைத்தது.

மருந்தால் மட்டும் வந்த மாற்றமல்ல இது. வறட்சிக் காலத்தில் ஆழ்துளைக் கிணறுகள் போட்டபோது, அவை தலித் குடியிருப்புகளில் அமையும்படி பார்த்துக்கொண்டார்கள். குடிநீர் வேண்டுமென்றால் எல்லாச் சாதியாரும் அங்கேதான் போயாக வேண்டும்! உழவர் மன்றங்களும் மகளிர் மன்றங்களும் உருவாயின. 1988-ல் முக்தாபாய் போல் என்ற ஜாம்கேட் கிராமப் பணியாளர் வாஷிங்டன் மாநாட்டில் பேசினார். அரங்கின் அலங்கார விளக்குகளை மருத்துவர்களுக்கும், தன் கையிலிருந்த சிறு அகலைத் தன்னைப் போன்றவர்களுக்கும் ஒப்பிட்டார். ஓர் அகலிலிருந்து இன்னொன்றை ஏற்றலாம், அலங்கார விளக்கால் அது முடியாது என்பது அவர் சொன்னதன் சாரம்.

மிஷனரிப் பணி என்றதுமே மதமாற்றம் பற்றிய விவாதம் எழுகிறது. வெளிநாட்டு நிதி பற்றிய கேள்வியும் கூடவே வருகிறது. கேள்விகள் கேட்கப்பட வேண்டியவைதான். ஆனால் எந்தப் பணியையும் எடைபோட ஒரு எளிய தராசு உண்டு. பணி செய்தவர் புறப்பட்டுப் போன பிறகு ஊரில் என்ன மிஞ்சுகிறது? நன்றியும் கையேந்தும் பழக்கமும் மட்டும் மிஞ்சினால், அதைச் செய்தவர் எந்த மதத்தவராயினும் அது தோல்வியே. அறிவும் தன்னம்பிக்கையும் மிஞ்சினால் அது வெற்றி.

2005-ல் மத்திய அரசு தொடங்கிய ஆஷா திட்டத்திலும் ஊருக்கு ஒரு பெண் என்ற இதே எண்ணம் இருக்கிறது. ஆனால் ஆஷா பணியாளர்களை இன்றும் 'தன்னார்வலர்' என்றே அழைத்து, நிலையான ஊதியம் தராமல் வேலைக்குத் தக்க ஊக்கத்தொகை தருகிறோம். வேலையை ஒப்படைத்த அளவுக்கு மரியாதையை ஒப்படைக்கவில்லை.

அதே தராசில் நம் சங்கங்களையும் வைத்துப் பார்ப்போம். ஆண்டுக்கொரு முறை இலவச மருத்துவ முகாம் நடத்துகிறோம். பந்தல், பதாகை, மருத்துவருக்குப் பொன்னாடை, இரத்த அழுத்தம் பார்த்துப் பத்து நாள் மாத்திரை. பதினோராவது நாள்? இரத்த அழுத்தமும் சர்க்கரை நோயும் முகாமோடு முடிகிறவை அல்லவே. காசநோய்க்கு ஆறு மாதம் விடாமல் மருந்து சாப்பிட வேண்டும். மொழி தெரியாமல் அரசு மருத்துவமனை வரிசையில் திகைத்து நிற்கும் நம் ஊர்த் தொழிலாளிக்கு ஒரு நாள் முகாம் எப்படித் துணையாகும்?

முகாமை நிறுத்தச் சொல்லவில்லை. அதோடு நிற்க வேண்டாம் என்கிறேன். நம்மவர் நெருங்கி வாழும் ஒவ்வொரு குடியிருப்பிலும், அங்குள்ளவர்களே இரண்டு பெண்களைத் தேர்ந்தெடுக்கட்டும். வீட்டு வேலைக்குப் போகும் பெண்ணாயினும் சரி, இட்லிக் கடை வைத்திருப்பவராயினும் சரி. நம்மில் இருக்கும் மருத்துவர்களும் செவிலியர்களும் மாதம் இரண்டு ஞாயிற்றுக்கிழமை அவர்களுக்குப் பயிற்சி தரலாம். பந்தலுக்கும் பொன்னாடைக்கும் ஆகும் செலவில் இரத்த அழுத்தம் பார்க்கும் கருவிகள் வாங்கலாம். அந்தப் பெண்களின் நேரத்துக்கு ஒரு நியாயமான தொகையும் சங்கமே தர வேண்டும். இலவசமாக உழைக்கச் சொல்லி அதற்குச் சேவை என்று பெயர் சூட்டக் கூடாது.

அடுத்த பொதுக்குழுவில் வரவு செலவு படிக்கும்போது, முகாமில் எத்தனை பேருக்கு மருந்து கொடுத்தோம் என்பதோடு, எத்தனை பேருக்குக் கற்றுக்கொடுத்தோம் என்பதையும் உறுப்பினர்கள் கேட்க வேண்டும்.