வெயில்ல தெரியாத ட்யூனர் எதுக்கு சாமி?

ஆபீஸ்ல ஆணி புடுங்குற நேரம் போக பேஸ் கிடார் வாசிக்கிறவன் நான். "செல்போன்ல ஓசி ஆப் இருக்கே, ட்யூனருக்கு எதுக்குய்யா காசு?" என்று கேட்கும் புண்ணியவான்களுக்குத்தான் இந்தப் பதிவு.

ஒரு மே மாசம், திறந்தவெளி மேடை, மதியம் மூணு மணிக்கு சவுண்ட் செக். கிடார் தலையில் மாட்டியிருந்த கிளிப் ட்யூனரோட கலர் திரையில என் மூஞ்சிதான் தெரிஞ்சுது. துண்டை முக்காடு போட்டுக்கிட்டு ட்யூன் பண்ணேன். சுத்தி நின்னவனெல்லாம் சிரிக்கிறான். சிரிங்கப்பா.

வெயில் பட்டா கம்பி சூடாகித் தளரும், சுருதி இறங்கும். ஆக, ட்யூனர் ரொம்பத் தேவைப்படுற இடத்துலதான் அது கண்ணை மூடிக்குது! இதை ஏசி ரூம் மங்கல் வெளிச்சத்துல காட்டி, "பளிச்னு இருக்கு பாருங்க சார்"னு விக்கிறாங்க.

போன் ஆப்பா? பேஸோட ஈ கம்பி 41.2 ஹெர்ட்ஸ். பக்கத்துல டிரம்ஸ் அடிக்கும்போது போன் மைக் அதைப் பிடிச்ச மாதிரிதான். "பேஸ்தானே, யாருக்குக் கேக்கப் போவுது?" என்பவர்களோடு எனக்குப் பேச்சே கிடையாது.

ஒயர் வழியா சிக்னல் எடுக்கும் பெடல் ட்யூனர்தான் சரி. 2010ல் வந்த பாஸ் டியு-3ல வெளிமேடைக்குன்னே கூடுதல் வெளிச்ச மோட் இருக்கு. பட்ஜெட் இடிச்சா, கால்குலேட்டர் மாதிரி சாம்பல் நிற எல்சிடி போதும். அது வெயிலையே வாங்கித் திருப்பிக் காட்டும். போலராய்டு கூலிங் கிளாஸை மட்டும் கழட்டிடுங்க, சில கோணத்துல திரை கறுப்பாயிடும்.

எதுவானாலும் கடை வாசலுக்குக் கொண்டுபோய் உச்சி வெயில்ல பார்த்துட்டு வாங்குங்க. "வெளிய எடுக்கக் கூடாது சார்"னா, அடுத்த கடைக்கு நடையைக் கட்டுங்க.