அம்மாவுக்கு எப்ப ஓய்வுநாள்?

கெம்பஸ் லீவுக்கு ஊருக்குப் போயிருந்தோம். ஹட்டன் பக்கத்தில் ஒரு தோட்டம், ஞாயிறு ஆராதனை. வாங்குகளில் பாதி காலி. பிரசங்கத்தின் நடுவில் போதகர் அந்தக் காலி வாங்குகளைக் காட்டி, கைக்காசுக்காகக் கர்த்தருடைய நாளை விற்கிறவர்கள் அவரைக் கனம்பண்ணுவதில்லை என்றார். எல்லாரும் தலையாட்டினார்கள். எங்களில் இரண்டு பேருடைய அம்மாமார் அந்த நேரம் மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். நாங்களும் தலையாட்டினோம். அந்த வெட்கம்தான் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறோம். நாள் சம்பளத்துக்கு இல்லாமல், எடுத்த கொழுந்துக்குக் கிலோ கணக்கில் காசு வாங்குவதுதான் கைக்காசு. ஞாயிற்றுக்கிழமைகளிலும் லீவு நாட்களிலும் நடக்கும். விருப்பம் இருந்தால் வரலாம் என்றுதான் சொல்வார்கள். கடைக் கொப்பியில் கடன் ஏறி நிற்கிற வீட்டில் அந்த 'விருப்பம்' எவ்வளவு பெரியது என்று எங்களுக்குத் தெரியும்.

கிழமை நாட்களின் கணக்கையும் பாருங்கள். 18, 20 கிலோ என்று தோட்டத்துக்குத் தோட்டம் ஒரு அளவு வைத்திருக்கிறார்கள். அதற்குக் குறைந்தால் அரைப்பேர். நாள் சம்பளம் 1,000 ரூபா ஆவதற்குப் பல வருசப் போராட்டம் தேவைப்பட்டது. 2021 மார்ச்சில்தான் வர்த்தமானி வந்தது. அடுத்த வருசமே நாட்டின் பொருளாதாரம் விழுந்து, மா, அரிசி, மண்ணெண்ணெய் எல்லாம் எட்டாத விலைக்குப் போனது. 2024 மே தினத்தில் 1,700 என்றார்கள். கம்பனிகள் நீதிமன்றம் போக, செப்டம்பரில் அடிப்படைச் சம்பளம் 1,350 என்று முடிந்தது. இந்தக் கணக்கைத் தெரியாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் கூடையைப் பாவம் என்று சொல்ல முடியாது என்பதுதான் எங்கள் கருத்து.

ஞாயிறு பள்ளியில் பத்துக் கட்டளைகளை மனப்பாடம் பண்ணினோம். ஓய்வுநாள் கட்டளை வேதத்தில் இரண்டு இடத்தில் வருகிறது என்பதை யாரும் அழுத்திச் சொல்லித் தரவில்லை. யாத்திராகமத்தில் அதற்குக் காரணம் படைப்பு: கர்த்தர் ஏழாம் நாள் ஓய்ந்திருந்தார். உபாகமத்தில் காரணமே வேறு. நீ எகிப்தில் அடிமையாக இருந்தாய், அதை மறக்காதே, உன்னைப் போலவே உன் வேலைக்காரனும் வேலைக்காரியும் ஓய்ந்திருக்கட்டும் என்கிறது. மாட்டையும் கழுதையையும்கூட விடவில்லை. அப்படியென்றால் இந்தக் கட்டளை முதலில் யாரைப் பார்த்துப் பேசுகிறது? வேலை வாங்குகிறவரைப் பார்த்து. நாங்களோ அதைத் திருப்பிப் பிடித்து, வேலை செய்கிறவளின் தலையில் போடுகிறோம்.

"அப்ப வேலையே ஆராதனைதான், கோயிலுக்கு எதுக்குப் போகணும்?" என்று ஒரு நண்பன் கேட்டான். நியாயமான கேள்வி. 17ஆம் நூற்றாண்டில் பாரிஸ் நகரத்து மடமொன்றில் சகோதரர் லாரன்ஸ் என்று ஒருவர் சமையலறையில் வேலை செய்தார். சட்டி கழுவும்போதும் தேவ சமுகத்தில் இருக்கலாம் என்று வாழ்ந்து காட்டியவர். அவருடைய கடிதங்களும் உரையாடல்களும் இன்றைக்கும் உலகம் முழுக்க வாசிக்கப்படுகின்றன. எங்களுக்கும் அவரைப் பிடிக்கும். ஆனால் அவருக்கு நாளைய சாப்பாடும் தலைக்கு மேல் கூரையும் மடத்தின் பொறுப்பு. லயத்தில் அப்படி இல்லை. இங்கே 'வேலையே ஆராதனை' என்று மட்டும் சொன்னால், அதில் அதிகம் சந்தோசப்படப்போவது துரைதான்.

எங்கள் சரித்திரமும் அதைத்தான் யோசிக்க வைக்கிறது. தோட்டத் தமிழரிடையே சுவிசேஷம் சொல்ல 1854இல் தொடங்கிய அமைப்பின் பெயரே 'தமிழ்க் கூலி மிஷன்'. கோப்பிக் காலம் அது. லூல்கந்துரவில் தேயிலை வந்தது 1867இல்தான். மிஷனுக்குத் துரைமாரின் பண உதவியும் இருந்தது. அந்த மிஷன் எங்கள் ஆட்களுக்கு எழுத்தைத் தந்தது, வேதத்தைத் தந்தது. அதை மறுக்க மாட்டோம். ஆனால் துரையின் காசில் பேசுகிற பிரசங்கி, தராசைப் பற்றி எவ்வளவு சத்தமாகப் பேசியிருப்பார்?

வேதமோ தராசைப் பற்றி நிறையவே பேசுகிறது. கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பு என்கிறது நீதிமொழிகள். கூலியாளின் கூலியை விடியும்வரை வைத்துக்கொள்ளாதே என்கிறது லேவியராகமம். கொழுந்து மடுவத்தில் நிறுக்கும்போது தண்ணிக்கென்றும் கூடைக்கென்றும் கழிக்கிறார்களே, அது சரியான கழிவா என்ற கேள்வி அங்கே நிற்கிற ஒவ்வொரு பெண்ணுக்கும் தெரியும். சபையின் முன் வாங்குகளில் கங்காணியும் இருக்கிறார், கணக்கப்பிள்ளையும் இருக்கிறார். திங்கட்கிழமை நேராக நிறுக்கிற தராசும் கர்த்தரைக் கனம்பண்ணுவதுதான் என்று அவர்களுக்குச் சொன்னால் என்ன?

இப்படிப் பேசியவர்கள் இல்லாமல் இல்லை. இயேசு சபைக் குருவானவர் போல் கஸ்பர்ஸ் 1972இல் கண்டியில் 'சத்தியோதய'வைத் தொடங்கினார். சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் ஒரே இடத்தில் கூடி வாழ்வதையே ஒரு சாட்சியாக நினைத்தார். 2017இல் இறக்கும்வரை தோட்டத் தொழிலாளரின் உரிமை அவருடைய விசுவாசத்தின் ஒரு பகுதியாகவே இருந்தது. 2023இல் மலையகத் தமிழரின் 200 வருசத்தை நினைத்து தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தபோது கிறிஸ்தவ சபைகளும் கூட நடந்தன. அந்தப் பதினாறு நாளும் வெயிலில் நடந்த கால்களும் தேவனைக் கனம்பண்ணின என்றே நம்புகிறோம்.

சரி, கம்பனியையும் சபையையும் சொல்லியாயிற்று. நாங்கள்?

வீட்டில் அம்மா விடிய நாலரைக்கு எழும்புகிறாங்க. ரொட்டி சுட்டு, தேத்தண்ணி ஊத்தி, தண்ணி பிடித்து வைத்துவிட்டு மலைக்குப் போறாங்க. பின்னேரம் வந்து விறகு, சமையல், துணி. மலைக்குப் போகாத ஞாயிற்றுக்கிழமையிலும் இந்த வேலை ஒன்றும் குறைவதில்லை. அந்த நேரம் நாங்கள் கோயிலில் கிட்டார் வாசிக்கிறோம், வாலிபர் கூட்டத்தில் சாட்சி சொல்கிறோம், வந்து "அம்மா, சோறு" என்கிறோம். உபாகமம் சொல்கிற அந்த வேலைக்காரி எங்கள் வீட்டில் யார் என்று யோசித்தபோது பேச்சு வரவில்லை. போதகரைக் குறை சொல்ல எங்களுக்கு இருந்த துணிச்சல் கொஞ்சம் இறங்கியது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒன்று செய்து பார்த்தோம். மூன்று வீடுகளில் சமையல், துணி, விறகு எல்லாம் பிள்ளைகளின் பொறுப்பு. பையன்களும்தான். ஒரு வீட்டில் ரொட்டி கல்லு மாதிரி வந்தது. இன்னொரு வீட்டில் அம்மா இஸ்தோப்பில் உட்கார்ந்து, கையை என்ன செய்வதென்று தெரியாமல் மடியில் வைத்து வைத்து எடுத்தாங்க. "என்னடா இது புதுசா, யாராச்சும் பார்த்தா என்ன நினைப்பாங்க" என்று இரண்டு தரம் கேட்டாங்க. மூன்றாம் தரம் கேட்கவில்லை; அப்படியே சுவரில் சாய்ந்து தூங்கிட்டாங்க.

அதனால் கேட்கிறோம். கைக்காசு நடக்கிற ஞாயிறுகளில் ஆராதனையைப் பின்னேரம் ஐந்து மணிக்கு வைக்க முடியாதா? லயத்து இஸ்தோப்பிலேயே வைக்க முடியாதா? மலையிலிருந்து வருகிறவர்கள் கால் கழுவிவிட்டு வந்து உட்காரலாம். அவர்களும் ஆராதனையை விரும்பாமல் போகவில்லை. பாட்டுச் சத்தம் மலைவரைக்கும் கேட்கும், கேட்கும்போது மனசு கஷ்டமா இருக்கும் என்று அம்மாவே சொல்லியிருக்காங்க. சம்பளக் கோரிக்கைக்காகவும் பெயர் சொல்லி ஜெபிக்கலாம், மழைக்கும் பரீட்சைக்கும் ஜெபிக்கிற மாதிரி.

இதையெல்லாம் சபை எப்போது கேட்கும் என்று தெரியாது. துணி துவைக்க அதுவரை காத்திருக்கத் தேவையில்லை. லீவு முடிந்து நாங்கள் கெம்பசுக்கு வந்துவிட்டோம். வீட்டில் இருக்கிற தம்பிமாருக்கு ஒவ்வொரு சனிக்கிழமை இரவும் கோல் எடுத்து ஞாபகப்படுத்துகிறோம். போன வாரம் ஒருத்தன் சொன்னான்: "ரொட்டி இப்ப பரவாயில்லை, அண்ணா."