வகுப்பை ரெக்கார்ட் செய்தால் படித்த மாதிரி ஆகிவிடுமா?

போன மாசம் என் போனில் இடம் இல்லை என்று எச்சரிக்கை வந்தது. என்னதான் அடைத்துக்கொண்டிருக்கிறது என்று திறந்து பார்த்தால் பாட்டும் இல்லை, படமும் இல்லை. 43 மணி நேர வகுப்பு! அனாடமி, பிசியாலஜி, நர்சிங் ஃபவுண்டேஷன் என்று பெயர் போட்டு, தேதி போட்டு, அலமாரியில் புடவை அடுக்குவது போல அடுக்கி வைத்திருக்கிறேன். அதில் எவ்வளவு திரும்பக் கேட்டேன் தெரியுமா? மிஞ்சிப் போனால் இரண்டரை மணி நேரம். (சிரிக்காதீர்கள், உங்கள் போனையும் ஒரு தடவை திறந்து பாருங்கள்.)

எங்கள் வகுப்பில் பாதிப் பேர் ரெக்கார்ட் செய்கிறோம். 2020-ல் கொரோனா வந்து வகுப்பெல்லாம் ஆன்லைனுக்குப் போனபோது பலருக்கும் தொற்றிக்கொண்ட பழக்கம் இது. ஆனால் அது மட்டும் காரணம் இல்லை. பிளஸ் டூ வரை தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு வந்தவர்கள் இங்கே நிறைய. முதல் வாரமே 'ஸ்டெர்னோக்ளீடோமாஸ்டாய்ட்' என்று கழுத்துத் தசைக்குப் பெயர் சொன்னால் எந்த இடத்தில் மூச்சு விடுவது என்றே தெரியாது. எழுதி முடிப்பதற்குள் மேடம் அடுத்த தசைக்குப் போயிருப்பார். அந்தப் பயத்தில்தான் ரெக்கார்ட் பட்டனை அமுக்குகிறோம். அதை நான் குறை சொல்ல மாட்டேன்.

பிரச்சினை அமுக்கிய பிறகுதான். போன் கேட்டுக்கொண்டிருக்கிறது என்று தெரிந்ததும் காது லீவு எடுத்துக்கொள்கிறது. தியரிக்கு 80 சதவீதம், கிளினிகலுக்கு 100 சதவீதம் வருகை வேண்டும் என்பது விதி. அதனால் உடம்பு எப்படியும் வகுப்பில்தான் இருக்கிறது. மனசு மட்டும் 'சாயந்திரம் கேட்டுக்கலாம்' என்று வெளியே போய்விடுகிறது. ஒரு நாளைக்கு 5 மணி நேரம் வகுப்பு என்றால் திரும்பக் கேட்க இன்னொரு 5 மணி நேரம் வேண்டும். இரும்புலியூரில் வீடு, பெருங்களத்தூரில் ரயில் ஏற வேண்டும், வீட்டு வேலை, அசைன்மென்ட்... அந்த 5 மணி நேரத்தை எங்கே போய் வாங்குவது?

சரி, கேட்கிறோம் என்றே வைத்துக்கொள்வோம். மண்டையில் ஏறுமா? 2006-ல் அமெரிக்காவில் ரோடிகர், கார்ப்பிக் என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் கல்லூரி மாணவர்களுக்கு ஒரு பாடம் கொடுத்துப் பார்த்தார்கள். சிலர் அதையே திரும்பப் படித்தார்கள். சிலர் மூடி வைத்துவிட்டு, நினைவிலிருந்து எழுதிப் பார்த்தார்கள். 5 நிமிஷம் கழித்துச் சோதித்தபோது திரும்பப் படித்தவர்கள்தான் முன்னால். 2 நாள் கழித்தும், ஒரு வாரம் கழித்தும் சோதித்தபோது எழுதிப் பார்த்தவர்கள் முன்னால். ரெக்கார்டிங் கேட்பதும் திரும்பப் படிப்பது போலத்தான் என்பது என் எண்ணம். கேட்கும்போது எல்லாம் தெரிந்த மாதிரியே இருக்கும். பரீட்சைத் தாளைப் பார்த்தால்தான் சாயம் வெளுக்கும்.

நர்சிங்குக்கென்றே ஒரு தொல்லையும் இருக்கிறது. 'இலியம்' என்று காதில் விழுகிறது. எது? நடுவில் ஆங்கில 'ஐ' போட்டால் இடுப்பெலும்பின் ஒரு பகுதி, 'ஈ' போட்டால் சிறுகுடலின் கடைசிப் பகுதி. உச்சரிப்பு ஒன்றுதான்! போர்டில் எழுதியதைப் பார்த்தவளுக்குத்தான் தெரியும். அதைவிட மோசம் எண்கள். ஃபிஃப்டீன், ஃபிஃப்டி. மேலே ஃபேன் கடகடக்க, வெளியே பஸ் ஹாரன் அடிக்க, கடைசி பெஞ்சில் வைத்த போனில் அது 15-ஆ 50-ஆ என்று சத்தியம் செய்ய முடியுமா? வார்டில் டாக்டர் போனில் டோஸ் சொன்னால் 'ஒன் ஃபைவ்' என்று ஒவ்வொரு எண்ணாகத் திருப்பிச் சொல்லி உறுதி செய்யச் சொல்வது இதனால்தான்.

அதற்காக ரெக்கார்டிங்கே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. நுரையீரல் சத்தங்கள் இருக்கின்றன பாருங்கள், வீஸ், கிராக்கிள் எல்லாம். அவற்றைப் புத்தகத்தில் எவ்வளவு வர்ணித்தாலும் விளங்காது, பத்துத் தடவை கேட்க வேண்டும். உச்சரிப்பும் அப்படித்தான். கணக்கும்கூட. 500 மில்லி சலைன், 4 மணி நேரத்தில் போக வேண்டும், செட்டில் மில்லிக்கு 15 சொட்டு என்றால், 500-ஐ 15-ஆல் பெருக்கி 240 நிமிஷத்தால் வகுக்க வேண்டும். 31.25 வரும், அதாவது நிமிஷத்துக்கு 31 சொட்டு. மேடம் இதைப் படிப்படியாகச் சொன்ன 6 நிமிஷத்தை மூன்று தடவை கேட்டு, ஒவ்வொரு தடவையும் பாதியில் நிறுத்தி நானே போட்டுப் பார்த்தேன். அப்புறம்தான் பிடிபட்டது. ஆக முழு வகுப்பு வேண்டாம், புரியாத இடம் போதும். இப்போதெல்லாம் நோட்டில் எழுதிக்கொண்டே வருவேன், தவறவிட்ட இடத்தில் மட்டும் நேரத்தைக் குறித்துக்கொள்வேன்: '11.20, மறுபடி கேள்' என்று. அன்றைக்கே ரயிலில் கேட்டுவிட வேண்டும். நாளைக்கு என்று விட்டால் அது 44-வது மணி நேரம்.

இன்னொன்று, இதைத்தான் முக்கியமாகச் சொல்ல நினைத்தேன். எங்களுக்கு ஒரு மேடம் இருக்கிறார். பாடத்தை நிறுத்திவிட்டுத் தமிழில் பேச ஆரம்பித்தால் அன்றைக்கு விருந்துதான். தான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு ஊசி போட இருந்து, கடைசி நொடியில் லேபிளைப் பார்த்துக் கை நடுங்கிய கதையைச் சொன்னார். அந்த ஒரு கதை எனக்கு ஒரு பாடத்துக்குச் சமம். ஒரு நாள் முன் பெஞ்சில் 4 போன் வரிசையாக இருந்ததைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. புத்தகத்தைத் திறந்து வாசிக்க ஆரம்பித்தார். மணி அடிக்கும் வரை வாசித்தார். தன் தவறை, தான் பயந்ததை, யாருடைய வாட்ஸ்அப்புக்கோ போகட்டும் என்று யார் சொல்வார்கள்? நாமே கேட்டுவிட்டு வைத்திருந்தால் ஒருவேளை சம்மதித்திருப்பார். கேட்கவில்லையே.

வார்டில் மட்டும் போன் பையிலேயே இருக்கட்டும், அனுமதி கிடைத்தாலும். நமக்கு இரண்டு ஸ்டேஷன் தள்ளித்தான் தாம்பரம் சானடோரியம். 1928-ல் டாக்டர் சௌரி முத்து காசநோயாளிகளுக்காகத் தொடங்கிய இடம், பிறகு எச்ஐவி சிகிச்சைக்கும் பெயர் பெற்றது. அப்படிப்பட்ட ஒரு வார்டில் கட்டிலருகே நின்று கேஸ் சொல்லும்போது நோயாளியின் பெயர், ஊர், நோய் எல்லாம் சேர்ந்தே பதிவாகும். எச்ஐவி விவரத்தைச் சம்மதம் இல்லாமல் வெளியே விடக்கூடாது என்று 2017-ம் வருஷத்துச் சட்டமே இருக்கிறது. அந்த அம்மாவின் கதை நம் குரூப்பில் சுற்றி, அவர் தெருவுக்கே போய்ச் சேர எவ்வளவு நேரமாகும்?

போன ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து 43 மணி நேரத்தையும் அழித்துவிட்டேன். அந்தச் சொட்டுக் கணக்கு 6 நிமிஷம் மட்டும் இருக்கிறது. யாருக்காவது வேண்டுமென்றால் சொல்லுங்கள், மேடத்திடம் கேட்டுவிட்டு அனுப்புகிறேன்.