முற்றத்துக் கலையும் மாநகரசபைச் சம்மட்டியும்

செல்வர் ஒருவர் தம் மாளிகை வாயிலில் சலவைக்கற் சிங்கங்களை நிறுத்தினால், அதனை ‘இரசனை’ என்பர். தொழிலாளி ஒருவன் தன் வளவுக்குள் உடைந்த ஓடுகளைக் கொண்டு கோபுரம் எழுப்பினால், அதனைக் ‘கிறுக்கு’ என்பர். இவ்விரு தீர்ப்புகளுக்கும் அடிப்படை அழகியலன்று. வர்க்கமே என்பது எமது வாதம்.

லொஸ் ஏஞ்சல்ஸ் நகரின் தெற்கே வாட்ஸ் என்னும் ஏழைகளின் குடியிருப்பை எடுத்துக்கொள்வோம். இத்தாலியிற் பிறந்து, இளவயதில் அமெரிக்காவுக்குப் பிழைப்புத் தேடி வந்த சைமன் ரொடியா, 1921 இல் அங்கு ஒரு முக்கோணத் துண்டு நிலத்தை வாங்கினார். அவர் ஓடு பதிக்கும் தொழிலாளி. பகலிற் கூலிவேலை, மாலையிலும் விடுமுறை நாட்களிலும் தம் வளவில் வேலை. இவ்வாறு 33 ஆண்டுகள் தனியொருவராக உழைத்தார். அருகே சென்ற றெயில் தண்டவாளத்தின் இடுக்கிற் செருகி இரும்புக் கம்பிகளை வளைத்தார், கம்பிவலை சுற்றினார், சீமெந்து பூசினார், அதன்மேல் உடைந்த பீங்கான், சிப்பி, போத்தற் கண்ணாடி ஆகியவற்றைப் பதித்தார். சாரம் கட்டவில்லை, இணைப்புகளைக் காய்ச்சி ஒட்டவுமில்லை. எழுந்தவை 17 அமைப்புகள். அவற்றுள் உயர்ந்தது ஏறத்தாழ 100 அடி. அவற்றுக்கு அவர் ஸ்பானிய மொழியில் இட்ட பெயரின் பொருள் ‘எங்கள் ஊர்’ என்பதாகும். ‘என் மாளிகை’ என்று அவர் பெயரிடவில்லை என்பதை நண்பர்கள் கவனிக்க வேண்டும்.

அயலார் அனைவரும் அவரைப் போற்றினர் என்று நாம் கதை கட்ட விரும்பவில்லை. உடைந்த பீங்கானைக் கொண்டுவந்து கொடுத்த சிறுவரும் இருந்தனர். கல்லெறிந்த சிறுவரும் இருந்தனர். ஆயினும் ஆண்டுகள் செல்லச் செல்ல, அக்கோபுரங்கள் அவ்வூரின் அடையாளமாயின. அவற்றை அடையாளமாக்கியது எந்த அரச கட்டளையுமன்று. நாள்தோறும் அவ்வழியே நடந்த மக்களின் கண்களே.

மாநகரசபையின் கண்களோ வேறு. 1955 இல் ரொடியா வளவை அயலவர் ஒருவருக்குக் கொடுத்துவிட்டு ஊரைவிட்டுச் சென்றார். 1957 இல் ‘ஆபத்தான கட்டுமானம், இடித்துவிடுக’ என்று சபை ஆணை பிறப்பித்தது. கலை ஆர்வலர் இருவர் 3,000 டொலருக்கு நிலத்தை வாங்கினர். பாதுகாப்புக் குழுவொன்று எழுந்தது. பொறியியலாளர் ஒருவர் சோதனை ஒன்றைத் திட்டமிட்டார். 1959 ஒக்டோபர் 10 ஆம் நாள் 10,000 இறாத்தல் விசை கொண்டு கோபுரம் இழுக்கப்பட்டது. கோபுரம் அசையவில்லை, இழுத்த கருவியே வளைந்தது! பட்டம் பெற்றோரின் கணக்கைப் பள்ளிப் படிப்பற்ற தொழிலாளியின் கை வென்றது. 1990 இல் அதே கோபுரங்கள் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்டன. 1957 இற் குப்பை; 1990 இற் பொக்கிஷம். இடையில் மாறியது சிற்பமா, பார்த்த கண்ணா?

இது பழங்கதை என்று ஒதுக்குவோர்க்கு இன்னும் இரு சான்றுகள். ஒக்ஸ்போர்டின் ஹெடிங்டன் பகுதியில், வானொலித் துறையில் அறியப்பட்ட பில் ஹைன், 1986 இல் தம் வீட்டுக் கூரையிலே தலைகீழாகப் பாய்ந்த 25 அடிச் சுறாவொன்றை நிறுவினார். உள்ளூர்ச் சபை எதிர்த்தது. ஆறு ஆண்டுகள் மனு, மேன்முறையீடு, விசாரணை என்று வழக்கு நீண்டு, 1992 இல் அரசே அனுமதி வழங்கியது. அதே 1986 இல் டெட்ரொயிற் நகரின் ஹைடல்பேர்க் வீதியில், டைரி கைற்றன் என்ற கறுப்பினக் கலைஞர், கைவிடப்பட்ட வீடுகளையும் முற்றங்களையும் பழைய பொருட்களாலும் வண்ணப் புள்ளிகளாலும் அலங்கரித்தார். அங்கு 1991 இலும் 1999 இலும் வந்தவை இடிப்பு இயந்திரங்கள். நாடு வேறு, சட்டம் வேறு என்பதை நாம் அறிவோம். அயலாரிற் சிலர் கைற்றனை எதிர்த்து முறையிட்டதையும் அறிவோம். அவ்விரு தடவையும் நகரபிதாவாக இருந்தவர்களும் கறுப்பினத்தவரே. ஆகவே இதனை நிறத்தின் கதையாக மட்டும் சுருக்கிவிட முடியாது. வசதியுள்ள தெருவுக்கு விசாரணை, வறிய தெருவுக்கு இயந்திரம்: இதுவே நாம் காணும் நியதி.

இனி, கலை விமர்சகர்களிடம் வருவோம். 1972 முதல் ஆங்கிலத்தில் இத்தகைய ஆக்கங்களைப் ‘புறத்தார் கலை’ என்று அழைத்து வருகின்றனர். எதற்குப் புறம்? ஓடு பதிப்பவன் ஓட்டைக் கொண்டு படைத்தான். தன் தொழிலின் நடுவில் நின்றே படைத்தான். கலைக்கூடத்தை மையமென்று கொள்பவருக்கே அவன் புறத்தான். புகழ்வதுபோல் ஒதுக்கும் இச்சொல்லை நாம் ஏற்கமாட்டோம்.

எமது அணியிலும் சிலர், ‘இது தனிமனித விநோதம், வர்க்க உணர்வு எங்கே?’ என்று கேட்பதுண்டு. தோழர்களே, முழக்கம் எழுதப்பட்ட பலகை மட்டுமா மக்கள் கலை? கூலிக்கு விற்கப்பட்ட நாளின் எச்சத்தை, விலைக்கு விற்க முடியாத ஒன்றாக மாற்றுவது, உழைப்பவன் தன் உழைப்பை மீட்கும் செயலல்லவா? ரொடியா 1965 யூலையில் இறந்தார். அடுத்த மாதமே வாட்ஸ் கொதித்தெழுந்தது. 34 பேர் மாண்டனர். கட்டடங்கள் பல எரிந்தன. கோபுரங்கள் நின்றன. அங்கிருந்த கலை நிலையத்தை நடத்திய நோவா பியூரிபோய், எரிந்த இடிபாடுகளைப் பொறுக்கித் தோழருடன் 1966 இல் சிற்பக் கண்காட்சி அமைத்தார். தனிமனித விநோதம் ஊரின் மரபானது இவ்வாறே.

சின்னமென்று பலகை நாட்டுவது மட்டும் போதாது. கோபுரத்தைக் காத்து, அதன் நிழலில் வாழ்வோரை வறுமையில் விடுவது, மலரைப் போற்றி வேரை அறுப்பதாகும். ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் நாம் கூறுவது இதுவே: அழகின் வரலாற்றைக் கற்பிக்கும்போது அரண்மனைகளோடு நின்றுவிடாதீர்கள். கூலியாளின் முற்றத்தையும் பாடத்திற் சேருங்கள். சம்மட்டி எவர் முற்றத்துக்கு முதலில் அனுப்பப்படுகிறது என்பதையும் சேர்த்தே கற்பியுங்கள்.