எலி பிடிக்கத் தெரியுமா?

திண்டிவனத்திலிருந்து செஞ்சி வரையிலும், தெற்கே விழுப்புரம் வரையிலும், ஏரிக்கரைகளிலும் செங்கற் சூளைகளை அடுத்தும் குடியிருக்கும் பழங்குடியினரான இருளர்களின் பிள்ளைகள் பள்ளிக்கு வரும்போது பேசுவது நாம் எல்லோரும் பேசுகிற தென்னார்க்காட்டுத் தமிழேதான். நீலகிரி, கோயம்புத்தூர் மலைகளில் வாழும் இருளருக்குத் தனிப் பாஷை உண்டு. சமவெளி இருளரிடம் அது வழக்கில் இல்லை. இந்த வித்தியாசம் ஒரு பிள்ளையின் படிப்பையே மறிக்கக்கூடும் என்பது வெளியூரார்க்கு விசித்திரமாகத் தோன்றலாம்.

வகுப்பில் 'எலி பிடிக்கிறவன்' என்று சகமாணாக்கர் பரிகசிக்க, அதற்கு நாணி, தகப்பன் வயல் வரப்பில் வளை வெட்டும் வித்தையை மறைத்து, உபாத்தியாயர் மெச்சும் தமிழைப் பேசக் கற்றுத் தேறிய அதே பிள்ளை, மேற்படிப்பின் பொருட்டுப் பழங்குடிச் சான்றிதழ் வேண்டிக் கோட்டாட்சியர் அலுவலகப் படி ஏறினால், உன் பாஷை என்ன, எலி பிடிக்கத் தெரியுமா என்ற கேள்விகள் அங்கே காத்திருக்கின்றன என்று இப்பகுதி இருளர்கள் பல்லாண்டுகளாக முறையிட்டு வருகிறார்கள். எதை மறைத்து வகுப்பில் மானம் காத்தானோ, அதையே அங்கே அத்தாட்சியாக விரித்துக் காட்ட வேண்டும்! நன்றாகப் படித்தவன்பாடுதான் இதில் அதிகக் கஷ்டம்.

சென்னை அருங்காட்சியகத்தின் தலைவராயிருந்த எட்கர் தர்ஸ்டன், மூக்கையும் மண்டையையும் கருவி கொண்டு அளந்து ஜனங்களை இனம் பிரித்தவர். 1909-இல் ஏழு தொகுதிகளாக வெளிவந்த அவருடைய நூலில் தென்னார்க்காட்டு இருளரும் இடம்பெற்றனர். மூக்களக்கும் கருவி போய்விட்டது. பழக்கவழக்கங்களை அளக்கும் சபலம் உத்தியோகஸ்தர்களை விட்டபாடில்லை. 1994-இல் மாதுரி பாட்டீல் வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த சான்றிதழ் விசாரணை முறையில் இத்தகைய ஆராய்ச்சிக்கும் இடம் இருந்தது. 2023 மார்ச்சில் அதே மன்றத்தின் மூவர் அமர்வோ, இது முடிவான உரைகல் ஆகாது என்று தெளிவுபடுத்திற்று. ஊர் மாறியவர்களும் பிறரோடு கலந்து பழகியவர்களும் பழைய அடையாளங்களை இழப்பது இயல்பன்றோ?

மாசி மகத்தில் மாமல்லபுரக் கடற்கரையில் கன்னியம்மனை வழிபட இருளர் குடும்பங்கள் திரள்கின்றன. அங்கே போன பிள்ளைக்கு வருகைப் பதிவேட்டில் 'ஆப்சென்ட்' விழுகிறது. விசாரணையிலோ அந்த வழிபாடே சாட்சியமாகிறது. என் அபிப்பிராயம் இதுதான்: தகப்பனுக்குச் சான்றிதழ் இருந்தால், ஒன்றாம் வகுப்பில் சேரும் அன்றே பிள்ளைக்கும் அது கைக்கு வந்துவிட வேண்டும், தகப்பனுக்கே இல்லாத வீடுகளுக்கு, பிள்ளையை அலுவலகத்துக்கு அலைக்கழிக்காமல், அதிகாரிகள் தாமே ஏரிக்கரைக்கு நடந்து வரட்டும்.