இலவசத்தின் இரண்டாம் வருகை

2025 அக்டோபர் இறுதியில் ரிலையன்ஸும் கூகுளும் இணைந்து ஓர் அறிவிப்பை வெளியிட்டன. 35,100 ரூபாய் மதிப்புடையதாகச் சொல்லப்படும் கூகுளின் ‘ஜெமினி’ செயற்கை நுண்ணறிவுச் சேவை, ஜியோவின் வரம்பற்ற 5ஜி வாடிக்கையாளர்களுக்கு 18 மாதங்கள் இலவசம். முதற்கட்டமாக 18 முதல் 25 வயது வரையிலான இளைஞர்களுக்கு. அதற்குச் சில மாதங்கள் முன்னரே ‘பெர்ப்ளெக்சிட்டி’ என்னும் அமெரிக்க நிறுவனத்தின் சேவையை ஏர்டெல் ஓராண்டுக்கு இலவசமாக வழங்கத் தொடங்கியிருந்தது. இளைஞர்களுக்குக் கிடைத்த பரிசு என்று இதைப் பாராட்டுவோர் உண்டு. ஆனால் ஏறத்தாழ பத்தாண்டுகளுக்கு முன், இதே போன்ற ஓர் ‘இலவச’த்தை இந்திய மக்கள் வாசலிலேயே திருப்பி அனுப்பினார்கள். அந்த வரலாற்றை இன்று மீண்டும் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

2015 பிப்ரவரியில் ஃபேஸ்புக் நிறுவனம், அனில் அம்பானியின் ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸுடன் சேர்ந்து ஒரு திட்டத்தைக் கொண்டுவந்தது. பின்னர் ‘ஃப்ரீ பேசிக்ஸ்’ என்று அது பெயர் மாற்றப்பட்டது. ஃபேஸ்புக் அனுமதிக்கும் சில தளங்களை மட்டும் ஏழைகள் கட்டணமின்றிப் பார்க்கலாம். மற்ற இணையத்துக்குக் காசு கொடுக்க வேண்டும். எதை ஏழைகள் படிக்க வேண்டும் என்பதைக் கலிபோர்னியாவில் இருக்கும் ஒரு நிறுவனம் தீர்மானிக்கும் ஏற்பாடு இது. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய்க்கு, இணையச் சமவாய்ப்பை வலியுறுத்திப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட மின்னஞ்சல்கள் குவிந்தன. ஃபேஸ்புக்கோ நாளேடுகளில் முழுப்பக்க விளம்பரங்கள் கொடுத்தது. தன் பயனாளர்களைக் கொண்டு ஒரே அச்சில் வார்த்த கடிதங்களை ஆணையத்துக்கு அனுப்ப வைத்தது. கலந்தாலோசனையைத் திட்டமிட்ட வாக்கெடுப்பாக மாற்றப் பார்க்கிறீர்கள் என்று டிராய் கடிந்துகொண்டது. 2016 பிப்ரவரி 8 அன்று, உள்ளடக்கத்தைப் பொறுத்து வெவ்வேறு தரவுக் கட்டணம் வசூலிப்பதைத் தடை செய்து ஆணை பிறந்தது. காலனிய எதிர்ப்பு மனப்பான்மைதான் இந்தியப் பொருளாதாரத்தைக் கெடுத்தது என்று ஃபேஸ்புக் இயக்குநர் குழுவில் இருந்த முதலீட்டாளர் மார்க் ஆண்ட்ரீசன் அப்போது எழுதினார். எதிர்ப்பு எழுந்ததும் அதை நீக்கினார். சில நேரங்களில் மூலதனம் தன் உள்ளக்கிடக்கையைத் தானே சொல்லிவிடுகிறது.

அந்த வெற்றி உண்மையானது. ஆனால் அந்த ஆணை கட்டணத்தைப் பற்றி மட்டுமே பேசியது. உடைமையைப் பற்றி அது பேசவில்லை. மூலதனம் அந்த வழியாகத் திரும்பி வந்தது. 2016 செப்டம்பரில் ஜியோ இலவசத் தரவுடன் களமிறங்கியது. அடுத்த சில ஆண்டுகளில் சிறு நிறுவனங்கள் பல மூடப்பட்டன, சில விழுங்கப்பட்டன. பொதுத்துறை பிஎஸ்என்எல் 4ஜி சேவையின்றிக் காத்திருக்க வைக்கப்பட்டது. 2020 ஜனவரியில் 78,000-க்கும் மேற்பட்ட அதன் ஊழியர்கள் விருப்ப ஓய்வு என்ற பெயரில் வெளியேறினர். அதே ஆண்டு ஏப்ரலில் ஃபேஸ்புக் 43,574 கோடி ரூபாய் கொடுத்து ஜியோ பிளாட்ஃபார்ம்ஸில் 9.99 சதவீதப் பங்குகளை வாங்குவதாக அறிவித்தது. ஜூலையில் கூகுள் 33,737 கோடி ரூபாயுடன் வந்து சேர்ந்தது. தேடித் தரும் நிறுவனமும், செய்தியைப் பரப்பும் வாட்ஸ்அப்பின் உடைமையாளரும், இவற்றைக் கைப்பேசிக்குக் கொண்டுவரும் அலைவரிசையின் சொந்தக்காரரும் இப்போது ஒரே நிறுவனத்தின் பங்குதாரர்கள். சந்தை மூன்று தனியார் கைகளுக்குள் சுருங்கிய பின், 2024 ஜூலையில் அம்மூன்றும் ஒரே வாரத்தில் கட்டணத்தை உயர்த்தின. இலவசத்தின் விலையை மக்கள் அப்போது கட்டத் தொடங்கினர்.

குழாய் அவர்களுடையது, அதில் ஓடும் தண்ணீரும் அவர்களுடையது. 2014 மே மாதம், மோடி அரசு பதவியேற்ற சில நாட்களில், நெட்வொர்க்18 குழுமத்தை ரிலையன்ஸ் கைப்பற்றுவதாக அறிவிப்பு வந்தது. அதற்குப் பயன்பட்ட அமைப்பின் பெயர் ‘சுதந்திர ஊடக அறக்கட்டளை’! 2022 இறுதியில் என்டிடிவி அதானியின் கைக்குப் போனது. 2024 நவம்பரில் டிஸ்னியின் ஸ்டார் நிறுவனமும் ரிலையன்ஸின் வயாகாம்18 நிறுவனமும் இணைந்து 70,352 கோடி ரூபாய் மதிப்புள்ள ஒரே நிறுவனமாயின. நூறுக்கும் மேற்பட்ட தொலைக்காட்சி அலைவரிசைகள் அதன் வசம் உள்ளன. 2022-இல் ஐபிஎல் ஒளிபரப்பு உரிமை ஏலம் போனபோது தொலைக்காட்சியை ஒன்றும் இணையத்தை மற்றொன்றுமாகப் பிரித்துக்கொண்ட அதே இரண்டு நிறுவனங்கள்தாம் இவை. போட்டிச் சந்தையின் மகிமையை விளக்கும் பொருளாதார அறிஞர்கள் இதற்கு என்ன விளக்கம் தருவார்களோ!

“யார் வேண்டுமானாலும் யூடியூபில் பேசலாமே, இதில் ஏகபோகம் எங்கே?” என்று கேட்கிறார்கள். பேசலாம்தான். பேசியது யார் கண்ணில் படும் என்பதை நிறுவனத்தின் நிரல் தீர்மானிக்கிறது. விளம்பர வருவாயில் பங்கு எவ்வளவு என்பதையும் அதுவே தீர்மானிக்கிறது. செய்தி நிறுவனங்களுக்குப் பணம் தர வேண்டும் என்று கனடா சட்டம் இயற்றியபோது, மெட்டா 2023 ஆகஸ்டில் அந்நாட்டில் தன் தளங்களிலிருந்து செய்திகளையே அகற்றிவிட்டது. அதே மாதம் காட்டுத்தீ பரவி மக்கள் ஊர் ஊராக வெளியேறிக்கொண்டிருந்தனர். அரசு கேட்டும் மெட்டா மனமிரங்கவில்லை. இலவச செயற்கை நுண்ணறிவு இதையும் தாண்டிச் செல்கிறது. தேடலில் குறைந்தபட்சம் பத்துத் தளங்களின் பெயர்களாவது கண்ணில் படும். இங்கே கேள்விக்கு ஒரே பதில். அந்தப் பதிலை எழுத உதவிய செய்தியாளரின் பக்கத்துக்கு வாசகர் போக வேண்டியதே இல்லை. சொந்த விளம்பரமும் சந்தாவும் கொண்டு தாக்குப்பிடிக்கும் சிறு ஏடுகளுக்கு இது மூச்சுக்குழாயில் வைக்கும் கை. 18 மாதங்களில் பழக்கம் ஏற்பட்டுவிடும். பிறகு கட்டணமும் வரும், விளம்பரமும் வரும்.

இதில் அரசின் பங்கு என்ன? விவசாயிகள் தில்லி எல்லையில் அமர்ந்திருந்தபோது, 2021 பிப்ரவரியில், ஒன்றிய அரசின் கோரிக்கையின்பேரில் ‘கிசான் ஏக்தா மோர்ச்சா’ உள்ளிட்ட கணக்குகளை ட்விட்டர் முடக்கியது. அதற்கு முன்பே பஞ்சாப் விவசாயிகள் ஜியோ இணைப்புகளைப் புறக்கணிக்கத் தொடங்கியிருந்தார்கள். ‘டிராலி டைம்ஸ்’ என்று சொந்த ஏட்டையும் அச்சிட்டார்கள். களத்தில் நின்றவர்களுக்கு இந்த உறவு பாடம் சொல்லித்தராமலே புரிந்திருந்தது. 2023 அக்டோபரில் நியூஸ்கிளிக் தளத்தின் அலுவலகத்திலும் செய்தியாளர்களின் வீடுகளிலும் காவல்துறை நுழைந்தது. அதன் ஆசிரியர் பிரபீர் புர்காயஸ்தாவின் கைது செல்லாது என்று 2024 மே மாதம் உச்சநீதிமன்றம் சொல்லும்வரை, ஏழு மாதங்கள் அவர் சிறையில் இருந்தார். மெட்டாவுக்கோ, வாட்ஸ்அப் பயனாளர்களின் தரவைப் பகிர்ந்துகொள்ள நிர்ப்பந்தித்ததற்காக, 213.14 கோடி ரூபாய் அபராதம். அந்த ஆண்டு அந்நிறுவனத்தின் வருவாய் 16,000 கோடி டாலருக்கும் மேல்.

செய்ய வேண்டியது என்ன என்பது யாருக்கும் தெரியாத ரகசியம் அல்ல. பத்திரிகைகளைப் பெருந்தொழில் நிறுவனங்களின் பிடியிலிருந்து பிரிக்க வேண்டும் என்று இரண்டாவது பத்திரிகைக் கமிஷன் 1982-இலேயே கூறியது. ஊடக உடைமைக்கு உச்சவரம்பு வேண்டும் என்று 2014 ஆகஸ்டில் டிராய் பரிந்துரைத்தது. அந்தப் பரிந்துரை இன்றுவரை சட்டமாகவில்லை. அலைவரிசையை வைத்திருப்பவர் செய்தி நிறுவனத்தையும் வைத்திருப்பதற்குத் தடை, தரவுத் திட்டத்துடன் செயற்கை நுண்ணறிவுச் சேவையைப் பிணைப்பதையும் 2016 ஆணையின் வரம்புக்குள் கொண்டுவருதல், பிஎஸ்என்எல் வலுப்பெறத் தேவையான அலைக்கற்றையும் நிதியும் என மூன்று கோரிக்கைகளை நாடாளுமன்றத்திலும் வீதியிலும் ஒருசேர எழுப்ப வேண்டிய நேரம் இது. 2016-இல் ஆணையத்தின் முடிவை மாற்றியவை மக்கள் எழுதிய கடிதங்கள். இம்முறை அந்தக் கடிதங்களோடு தொழிற்சங்கங்களும் மாணவர் அமைப்புகளும் நேரடியாகக் களத்தில் நிற்க வேண்டும். இலவசச் சந்தாவின் 18 மாதங்கள் முடிவதற்கு முன்பே.